ஏரி வற்றுவது குறை அல்ல

மே மாதத்தில் எங்கள் விடுதிக்கு வரும் விருந்தினர்கள் பெட்டியை இறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஏரிக்கரை விடுதி என்றுதானே சொன்னீர்கள், தண்ணீர் எங்கே?" செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கலுக்கு அதிகத் தொலைவில்லாத ஓர் ஏரியின் ஓரம் இருக்கிறது இந்தச் சிறிய விடுதி. அங்கே இயற்கை வழிகாட்டியாக வேலை செய்கிறேன். விருந்தினரின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஏமாற்றத்தைப் போக்குவதாக நினைத்துக்கொண்டுதான் விடுதிக்காரர்கள் பலர் ஏரியைக் கெடுக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், பொக்லைன் வைத்து ஒரு மூலையைக் கிடங்காகத் தோண்டுகிறார்கள், ஓரமெல்லாம் கல் பதித்துப் புல்தரை போடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பகுதி ஏரிகள் வயலுக்காகக் கரை கட்டித் தேக்கியவை. வடகிழக்குப் பருவமழை நிரப்புகிறது. தண்ணீர் மதகு வழியாக ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன வயல்களுக்குப் போகிறது. மீதியை வெயில் எடுத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மிகைநீர் போகும் கலங்கல் வழியும் ஏரி சித்திரை, வைகாசியில் தரை தட்டுவது பல நூறு ஆண்டுப் பழக்கம். இங்குள்ள உயிர்கள் எல்லாம் அந்தப் பழக்கத்துக்கு ஏற்பவே தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கின்றன.

பங்குனியில் தண்ணீர் சுருங்கும்போது மீன்கள் குட்டைகளில் நெருங்குகின்றன. கொக்குகளும் நாரைகளும் அலையாமல் இரை பிடிப்பது அப்போதுதான். கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் இருந்தால்தான் சேற்றில் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்கள் மேய முடியும். செங்குத்தாகத் தோண்டிய கிடங்கில் ஓர் உள்ளான்கூட இறங்காது. சேறும் காய்ந்தபின் ஏரி செத்துவிட்டதாகத் தோன்றும். காலடியில் நத்தைகள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு அடுத்த மழை வரை உறங்குகின்றன. தவளைகளும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

மேலே, வெடித்த தரையில், ஆட்காட்டிப் பறவைகள் முட்டையிட்டிருக்கும். கூடு என்று சொல்ல எதுவும் இருக்காது. சின்னப் பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், நடுவில் மண்ணும் கறுப்புமாகப் புள்ளியிட்ட நான்கு முட்டைகள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் கண்ணுக்குப் படாது. உச்சி வெயிலில் தாயோ தந்தையோ மிச்சமிருக்கும் குட்டைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காரும். அந்த ஈரம்தான் முட்டைகளை வேகாமல் காக்கிறது. ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் தரையில், காரை ஓட்டிப் பார்க்கவும் கிரிக்கெட் ஆடவும் விருந்தினர்களுக்கு ஆசை வருவது இதே மாதங்களில்தான். தலைக்கு மேல் ஒரு பறவை வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். அதன் முட்டையோ குஞ்சோ உங்கள் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

மழை தொடங்கியதும் எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிடுகிறது. மாலையில் ஈசல் கிளம்பும், தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். மண்ணுக்குள் இருந்த பெருந்தவளைகள் வெளியே வந்து, ஆண்கள் எலுமிச்சை மஞ்சளுக்கு மாறி இரவெல்லாம் கத்தும். தூக்கம் கெடுகிறது என்று விருந்தினர்களிடமிருந்து புகார் வரும். தவளை கத்தும் ஏரியில்தான் பாம்பும் கொக்கும் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லுவேன். பாம்பு என்றதும் பேச்சு நின்றுவிடும்.

பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏரியோரம் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பாம்புகள். சீண்டினால் சீறும், கடிக்கும். ஆனால் நஞ்சு கிடையாது. மீனும் தவளையும் தின்று பிழைக்கும் அவற்றை அடித்துக் கொல்வது வீண் கொடுமை. கவலைப்பட வேண்டியது நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய நான்கைப் பற்றித்தான். சமையலறைக் கழிவு திறந்து கிடந்தால் எலி வரும், எலியைத் தேடி இவை வரும். எனவே விடுதிக்காரர் முதலில் கவனிக்க வேண்டியது குப்பைத் தொட்டியின் மூடியை. விருந்தினர் இரவில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் நஞ்சுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் இதே மாவட்டத்து வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1978இல் தொடங்கிய சங்கம் அது.

கார்த்திகை முதல் மாசி வரை எங்களுக்கு அறை காலியிருக்காது. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும் காலம். "எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதானே?" என்று கேட்காத குழுவே கிடையாது. இல்லை. கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து நகர்பவை. நீலச்சிறகுக் கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவைதான் இமயத்துக்கு அப்பாலிருந்து வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. மேய்ந்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். இதை நான் விடாமல் திருத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பறவை என்று நினைத்துவிட்டால், இங்கே ஏரிகள் கெட்டாலும் அவற்றுக்குப் போக வேறு வீடு இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

மஞ்சள் மூக்கு நாரை முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். பகலில் தாயோ தந்தையோ கூட்டின் மேல் நின்று இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். ஒரு ட்ரோன் அருகில் போனால் அந்தப் பறவை எழும்பிவிடும். வெயில் ஒரு பக்கம், காத்திருக்கும் காகம் மறுபக்கம். வீடியோ எடுப்பவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கூட்டில் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தை மாதத்துத் திருமண விருந்துகளுக்கு வாணவேடிக்கையும், மரங்களின் மேல் அடிக்கும் வெள்ளை விளக்கும் கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம். விளக்கு தரையைப் பார்த்து, மங்கலான மஞ்சள் ஒளியில், நடைபாதைக்கு மட்டும். வேடந்தாங்கல் மக்கள் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை 1798இலேயே அன்றைய கலெக்டர் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

இனி, கல் பதிப்பது. நத்தைகுத்தி நாரை உட்காரும் இடத்தில் குனிந்து பாருங்கள். நத்தை ஓடுகள் உடையாமல், உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கும். அலகின் நுனியால் மூடியை அறுத்துச் சதையை மட்டும் இழுத்தெடுக்கும் வேலை அது. அந்த நத்தை முட்டையிடுவது தண்ணீரை ஒட்டிய ஈர மண்ணில். வெள்ளை வெள்ளையாக, கொத்தாக. ஓரமெல்லாம் கல்லும் சிமென்ட்டும் ஆகிவிட்டால் அதற்கு இடமில்லை. சில ஆண்டுகளில் நாரையும் வேறு ஏரி பார்த்துக்கொள்ளும். அலை மோதும் கரைக்கும் மதகுக்கும் கலங்கலுக்கும் கல் தேவைதான், மறுக்கவில்லை. எதிர்ப்புறம் உள்வாய் ஓரத்தில், கோரை முளைத்து விடுதிக்கு அழகாகத் தெரியாத அந்த இடத்தை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுங்கள். கோரையை வெட்டியே ஆக வேண்டுமானால் ஆனி, ஆடியில், நடைபாதை போகும் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள்.