ஹோம்ஸ்டெட்: தற்சார்பு மனை

ஹோம்ஸ்டெட் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த கூட்டுச்சொல். முதற்பாதி வீட்டையும் பிற்பாதி இடத்தையும் குறிக்கும். வீடு, அதைச் சூழ்ந்த நிலம், தொழுவம் எல்லாம் சேர்ந்த குடியிருப்புக்கு அந்தப் பெயர்.

இச்சொல்லைப் பரவலாக்கியது அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர் வரை அரசு நிலம் எடுத்து, வீடு கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்கு, சிறு கட்டணத்தில் அந்நிலம் சொந்தமானது. அதில் பெரும்பகுதி பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலம். அதை விட்டுவிட்டு இச்சொல்லின் வரலாற்றைச் சொல்வது நேர்மையல்ல. 1976இல் சட்டம் நீக்கப்பட்டது, அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. 1970களில் சில அமெரிக்க நகரங்கள், கைவிடப்பட்ட வீடுகளைச் செப்பனிட்டுக் குடியிருப்போருக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தன. 'அர்பன்' (நகரம் சார்ந்த) என்ற அடைமொழி ஹோம்ஸ்டெட்டோடு அப்போது சேர்ந்தது. உணவு, நீர், உரம் ஆகியவற்றில் ஒரு பங்கைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நகர வீடு என்பது பின்னர் வந்த பொருள்.

தமிழில் இதை 'வீட்டுத்தோட்டம்' என்று எழுதுகிறார்கள். அதில் செடி மட்டுமே இருக்கிறது, வீடு இல்லை. 'பண்ணை' என்றால் விற்பனைக்கான விளைச்சல் என்ற எண்ணம் வந்துவிடும். கொல்லை, புழக்கடை இரண்டும் வீட்டின் பின்புறத்தோடு நின்றுவிடும். 'படப்பை' அழகான சங்கச் சொல். ஐங்குறுநூற்றுத் தலைவி 'நம் படப்பைத் தேன்மயங்கு பாலினும்' என்கிறாள். ஆனால் அதுவும் தோட்டத்தையே சுட்டும். 'மனை' ஒன்றுதான் வீட்டையும் வீட்டு நிலத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. விற்பனை விளம்பரங்கள் அதை வெற்று நிலமாகச் சுருக்கிவிட்டதால், 'தற்சார்பு மனை' என்று அடைகொடுத்து எழுதலாம். நகரத்துக்கு, 'நகர்த் தற்சார்பு மனை'.

வீட்டிலிருந்து வெளியேறும் நீரும் கழிவும் நிலத்துக்கு உணவாகிறதா என்று பார்த்தால் ஓரிடத்துக்கு இப்பெயர் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். நிலம் சூழ்ந்த பழைய வீட்டில் கூரை நீரிலிருந்து தொடங்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர். சிதறலும் ஆவியும் போக 2,000 லிட்டர் என்று கணக்கிட்டுத் தொட்டி வைக்க வேண்டும். தூசியும் எச்சமும் கலந்த முதல் நீரைத் தனிக்குழாயில் திருப்பிவிடாவிட்டால் தொட்டியின் அடியில் சேறு தங்கி நீர் நாறும்.

பழைய வீட்டில் பலர் கவனிக்காத ஆபத்து ஈயம். அந்தக்காலப் பெயின்ட் உதிர்ந்து சுவரோரத்து மண்ணில் கலந்திருக்கும். சுவரோர மண்ணையும் திறந்தவெளி மண்ணையும் தனித்தனியாகச் சோதனைக்குக் கொடுங்கள். கலந்து கொடுத்தால் சராசரி எண் நச்சை மறைத்துவிடும். ஈயம் இருக்கும் இடத்தில் கீரையும் கிழங்கும் வேண்டவே வேண்டாம்: கீரையில் மண் ஒட்டும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே வளர்கிறது. அவற்றைத் தூய மண் நிரப்பிய உயர்பாத்திக்கு மாற்றிவிட்டு, சுவரோரத்தில் பூச்செடி வைக்கலாம்.

கழிவை உரமாக்கும் மட்குக் (கம்போஸ்ட்) குவியல் நீள, அகல, உயரத்தில் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும். பச்சைக்கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு, மூன்று பங்கு. அம்மோனியா நெடி வந்தால் பச்சை மிகுந்துவிட்டது, காய்ந்த இலையைச் சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து காற்று நின்றுவிட்டது; கிளறிவிடுங்கள்.

குளியலறை நீரை 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது. பழமரங்களின் அடியில், மண்ணைப் போர்த்தும் இலைதழை மூடாக்குக்குக் கீழே விடலாம். பச்சையாக உண்ணும் காய்கறிக்கு விடக் கூடாது. சோடியம் மிகுந்த சலவைத்தூள் கலந்தால் மண் இறுகி நீர் இறங்காது. போரான் சேர்ந்தால் இலை விளிம்பு கருகும். அதனால் சலவைநீருக்குத் தனிக்குழாய் வைத்து, வேண்டும்போது சாக்கடைக்குத் திருப்ப ஒரு வால்வும் பொருத்த வேண்டும்.