சாபியாவா, சுபேவா? ஸ்பானிஷில் இறந்தகாலம் பிரிகிற இடம்

ஸ்பானிஷ் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "'எஸ்தாபா', 'எஸ்துவே' ரெண்டுக்குமே 'இருந்தேன்'னுதான் அகராதியில போட்டிருக்கு. எப்போ எதைச் சொல்றது?"

இவை ஸ்பானிஷின் இரண்டு இறந்தகால வடிவங்கள். வழக்கமாகக் கிடைக்கும் பதில், ரொம்ப நேரம் நடந்தால் 'இம்பெர்ஃபெக்தோ' (எஸ்தாபா), சட்டென்று முடிந்தால் 'இந்தெஃபினிதோ' (எஸ்துவே) என்பது. இதை முதலில் மறந்துவிடுங்கள். ஸ்பெயின் பகுதியில் முஸ்லிம் ஆட்சி 711 முதல் 1492 வரை, கிட்டத்தட்ட எட்டு நூற்றாண்டு நீடித்தது. அந்த 'நீடித்தது' ஸ்பானிஷில் 'துரோ', அதாவது இந்தெஃபினிதோ. ஒரு தும்மலுக்கும் அதே வடிவம்தான். நேரத்தின் நீளம் கணக்கிலேயே இல்லை.

கணக்கு எல்லையில் இருக்கிறது. இம்பெர்ஃபெக்தோ சொல்பவர் நிகழ்ச்சிக்கு உள்ளே நிற்கிறார், தொடக்கமும் முடிவும் அவர் கண்ணில் படாது. இந்தெஃபினிதோ சொல்பவர் வெளியே நின்று முழுசாகப் பார்க்கிறார். மழை பெய்துகொண்டிருந்தது, 'யோவியா'. போன் அடித்தது, 'சோனோ'. தாத்தா தினமும் கடற்கரைக்குப் போவார் என்று நாம் எதிர்கால வடிவத்தை வைத்துச் சொல்கிற பழைய பழக்கங்களும் அங்கே இம்பெர்ஃபெக்தோவில்தான் வரும், 'இபா'.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. எனக்கு உயிரான இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

'சாபெர்' என்றால் தெரிந்திருப்பது. அது ஒரு நிலை, அதற்கு ஓரம் கிடையாது. 'சாபியா' என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது அதே வினையை இந்தெஃபினிதோவில் போடுங்கள், 'சுபே'. இந்த வடிவம் ஒரு எல்லையைக் கேட்கிறது. தெரிந்த விஷயம் எங்கே முடியும்? பெரும்பாலும் முடிவதே இல்லை. ஆனால் எப்போதோ ஒரு நொடியில் தொடங்கியிருக்கும் இல்லையா, வடிவம் போய் அந்த நொடியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் 'சுபே' என்றால் தெரிய வந்தது! நாம் 'வந்தது' என்று தனிச்சொல் சேர்த்துச் செய்வதை அவர்கள் வினையின் வடிவத்தை மாற்றியே செய்துவிடுகிறார்கள். 'கொனோசியா', அவளை எனக்குப் பழக்கம், 'கொனோசி', அறிமுகமானேன். 'நோ கெரியா இர்', அவனுக்குப் போக மனமில்லை, கடைசியில் போனானா இல்லையா என்று தெரியாது. 'நோ கிசோ இர்', போக மறுத்துவிட்டான். 'மறுத்தான்' என்ற பொருள் வெறும் எல்லையிலிருந்து பிறக்கிறது.

வகுப்புகளில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: 'ஆயெர்' (நேற்று) வந்தால் இந்தெஃபினிதோ, 'சியெம்ப்ரே' (எப்போதும்) வந்தால் இம்பெர்ஃபெக்தோ. அந்தப் பட்டியல்மேல் எனக்குக் கோபமே உண்டு. 'சியெம்ப்ரே லோ சுபே', எனக்கு அது எப்போதுமே தெரியும் என்று ஸ்பானிஷ்காரர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அங்கே அத்தனை வருஷத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்கிறார்கள், பட்டியலோ அதைத் தப்பு என்கிறது.

ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. மாட்ரிட்டில் இன்று காலை சாப்பிட்டதற்கு 'ஏ கோமிதோ' என்ற மூன்றாவது வடிவம், நேற்று சாப்பிட்டதற்கு 'கோமி' என்ற இந்தெஃபினிதோ. மெக்சிகோவிலும் புவனஸ் ஐரிஸிலும் இரண்டுக்குமே பெரும்பாலும் 'கோமி'தான். பொலிவியாவின் லா பாஸ் இன்னும் அழகு. அங்கே 'யெகோ' என்றால் அவன் வந்தான், நானே பார்த்தேன். 'ஆபியா யெகாதோ' என்றால் வந்தானாம். மற்ற ஊர்களில் 'அதற்கு முன்பே வந்திருந்தான்' என்று பொருள்படும் வடிவம் இது. சுற்றிலும் பேசப்படும் அய்மாரா மொழியில், சொல்லும் சேதி கண்ணால் கண்டதா காதால் கேட்டதா என்று காட்டியாக வேண்டும். அந்தப் பழக்கம் ஸ்பானிஷுக்குள்ளும் குடியேறிவிட்டது. நம் '-ஆம்' செய்யும் அதே வேலை! மக்கள் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தால்தான் இதெல்லாம் தெரியும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்கும் மொழி ஆய்வாளர்களை அலையவிடுவது அநியாயம்.

சரி, வாசகியின் கேள்விக்கு வருகிறேன். 'எஸ்தாபா என் மாட்ரிட்' (இங்கே 'என்' ஸ்பானிஷ் சொல், நம் '-இல்' போல) என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், எதிரில் இருப்பவர் "ம், அப்போ என்ன ஆச்சு?" என்று காத்திருப்பார். 'எஸ்துவே என் மாட்ரிட்' என்றால் மாட்ரிட் போய்வந்தேன் என்று ஆகிவிடும், அவர் "ஊர் எப்படி?" என்று கேட்பார்.