பூச்சி மாத்திரை தடுப்பூசி அல்ல

“போன ஆடியில்தானே பூச்சி மாத்திரை கொடுத்தீர்கள் டாக்டரம்மா, மறுபடியும் எப்படி?”

கேட்டவர் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண். ஹீமோகுளோபின் 7 கிராம். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு வெளுப்பு. கால்விரல் இடுக்கில் சொறிந்த தடம். மலப் பரிசோதனையில், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் முட்டைகள்.

கேள்வி நியாயமானதுதான். அம்மை ஒருமுறை வந்துபோனால் போதும் என்று கண்டு பழகியவர்கள் நாம். கொக்கிப்புழுவிடம் அந்தக் கணக்குச் செல்லாது. பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் குடலில் இருக்கும் புழுக்களில் பெரும்பாலானவற்றைக் கொல்லும். ஓரிரு நாளில் மருந்தும் உடலைவிட்டுப் போய்விடும். அடுத்த வாரமே, மலத்தோடு விழுந்த முட்டைகள் பொரித்துக் கிடக்கும் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் புதிய இளம்புழு தோலைத் துளைத்து, நுரையீரல் ஏறி, தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கிவிடும். சில வாரங்களில் முட்டையிடத் தொடங்கும்.

நோய் எதிர்ப்பு சக்தி சும்மா இருப்பதில்லை. அவருடைய ரத்தத்தைச் சாயமேற்றிப் பார்த்தபோது, புழுக்களோடு சண்டையிடும் வெள்ளணுக்களான, செங்கல் நிறக் குருணைகள் நிறைந்த ஈசினோஃபில் அணுக்களே கண்ணில் பட்டன. புழுவை எதிர்க்க உடல் சுரக்கும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்பொருளும் ஏறும். ஆனால் புழு கெட்டிக்காரத்தனமானது. சண்டையைத் தணிக்கும் இன்டர்லூகின் 10 போன்றவற்றை நம் உடலையே சுரக்க வைக்கிறது. பெரியவர்களானாலும் இந்தப் புழு நம்மை விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாப் புழுவும் இப்படியல்ல. கென்யாவின் கிசுமுவில், விக்டோரியா ஏரித் தண்ணீரில் நின்று வண்டி கழுவுபவர்களுக்கு, நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழு தொற்றும். பிராசிகுவான்டெல் என்ற மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்துவார்கள்; மீண்டும் தொற்றும். இப்படிப் பலமுறை நடந்தபின் சிலருக்கு மறுதொற்று வரத் தாமதமாகிக்கொண்டே போனது. ரத்தக் குழாயில் பல ஆண்டு வாழும் அந்தப் புழு, உயிரோடு இருக்கும்வரை தன் உட்புரதங்களை வெளியே காட்டுவதில்லை. மருந்தால் செத்ததும் அவை ரத்தத்தில் சிதறுகின்றன. அவற்றுக்கு எதிரான ஐஜிஇ அப்போதுதான் வளர்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கொக்கிப்புழுவோ செத்தால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடுகிறது.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்கள் 1 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு. இவரைப் போன்றவர்கள் அதில் வருவதில்லை.

மாத்திரையும் இரும்புச்சத்தும் எழுதிக்கொடுத்துவிட்டு, செருப்பைப் பற்றிக் கேட்டேன்.

“கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது டாக்டரம்மா. ஓடைக்கரையிலேயே கழற்றிவிடுவோம்.”

“வெளிக்குப் போவது?”

“அதுவும் அந்தக் கரையில்தான்.”