புடையன் கடியும் இரண்டு மேற்கோள் குறிகளும்

தை, மாசி அறுவடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வாட்டுகளில் பாம்புக்கடி கூடிவிடும். அப்படி ஒரு இரவு, புடையன் கடித்த ஒருவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்ற ஆயத்தமானபோது பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார்: "சேர், ரியாக்ஷன் வராமல் முதலே ஹைட்ரோகோட்டிசோன் போடட்டோ?"

"ஏன் தம்பி?"

"எல்லாரும் போடுகினம், சேர்."

விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒவ்வாமை எதிர்விளைவைத் தரும்; அதைத் தடுக்கத்தான் ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் கேட்டார். ஆனால் அவசரத்தில் பாடம் நடத்த முடியாது. நோயாளி தேறிய பிறகு, தேநீர் நேரத்தில் பப்மெட்டைத் திறக்கச் சொன்னேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தளம், காசில்லை. தம்பி கூகிளில் கேட்பதுபோல ஒரு முழு ஆங்கில வசனத்தையே தட்டினார். ஒன்றும் வரவில்லை. தட்டும் சொற்கள் எல்லாம் ஒரே பதிவில் இருக்கிறதா என்றுதான் பப்மெட் பார்க்கும். வசனம் நீள நீள அகப்படுவது குறையும்.

கேள்வியை உடைத்தோம். யாருக்கு, எதைக் கொடுத்து, எதைத் தடுக்க? மூன்று சொல் போதும். எதிர்விளைவைத் தடுக்க முதலே கொடுக்கும் இன்னொரு மருந்தான அட்ரினலினை வைத்துத் தேடச் சொன்னேன். தம்பி உடனே அந்தச் சொல்லுக்கு மேற்கோள் குறி போட்டார்.

எங்கள் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். நமக்கு அட்ரினலின், அமெரிக்கருக்கு எபிநெப்ரின். நாம் பனடோல் என்று விழுங்கும் பரசிற்றமோல் அங்கே அசிற்றமினோபென். (19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியரும் இந்தச் சொற்சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்.) இதற்காக நூலகத்தார் மெஷ் என்ற பொதுத் தலைப்புச் சொற்களை வைத்திருக்கிறார்கள். வெறுமனே அட்ரினலின் என்று தட்டினால் பப்மெட் எபிநெப்ரினையும் தானாகச் சேர்த்துத் தேடும். மேற்கோள் குறி போட்டால் அந்த உதவி நின்றுவிடும். சொல்லின் கடைசியில் போடும் நட்சத்திரக் குறியும் (*) அப்படித்தான். நாம் தட்டியதைத் தளம் எப்படி விளங்கிக்கொண்டது என்று அட்வான்ஸ்ட் பக்கத்தில் பார்க்கலாம். நான் முதலில் காட்டிக்கொடுப்பது அதைத்தான்.

சரி, குறிகளை எடுத்துவிட்டுத் தேடினோம். வந்தவற்றில் ஒன்று 2011இல் பிளோஸ் மெடிசின் என்ற ஆய்விதழில் வெளியான இலங்கை ஆய்வு, 1007 நோயாளிகள். (குறி இருந்தாலும் இது வந்திருக்கும், தலைப்பிலேயே அட்ரினலின் உண்டு. தவறிப்போவது அமெரிக்கர் எழுதியவை.) முதலே கொடுத்த சிறிய அளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்துக் கடும் எதிர்விளைவுகளை 43 சதவீதம் குறைத்தது. ஹைட்ரோகோட்டிசோன் குறைக்கவில்லை. கூடச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனையும் அது கெடுத்தது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இருதய வருத்தக்காரருக்கும் அட்ரினலின் குடுக்கலாமோ, சேர்?"

ஆய்வில் யார் யாரைச் சேர்க்காமல் விட்டார்கள் என்று பார்க்கச் சொன்னேன். அது சுருக்கத்தில் இராது. முழுக் கட்டுரையை அவர் தரவிறக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாம்புக்கடி வந்துவிட்டது.