எக்ஸிபிட், எக்ஸிபிஷன், சீசனல் எக்ஸிபிட்: தமிழில் எது எதற்கு?

வாசலில் ‘கண்காட்சி’ என்று எழுதி வைத்தால் பார்க்க வருகிறவர் பர்ஸோடு வருவார். கைத்தறிக் கண்காட்சி, கைவினைக் கண்காட்சி, புத்தகக் கண்காட்சி என்று நாம் பார்த்துப் பழகியவை பெரும்பாலும் ‘கண்காட்சி மற்றும் விற்பனை’தான். பெங்களூருவில், அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஓர் அறை பிடித்து, அக்கம்பக்கத்து வீடுகளின் பழம்பொருள்களை வாங்கிப் பருவத்துக்குப் பருவம் மாற்றி வைக்கும் சின்னக் காட்சியகம் ஒன்று ‘நவராத்திரிக் கண்காட்சி’ என்று சுவரொட்டி ஒட்டினால், மேல்படி மரப்பாச்சிக்கு விலை கேட்பார்கள். கேட்டவர் மேல் தப்பில்லை. சொல் அப்படித்தான் கூப்பிட்டது.

ஆங்கிலத்தின் எக்ஸிபிட், எக்ஸிபிஷன் இரண்டுக்கும் வேர் லத்தீனின் ‘எக்ஸிபெரெ’. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஹபெரெ’ என்றால் வைத்திருத்தல், பிடித்திருத்தல். கையில் இருப்பதை வெளியே நீட்டிக் காட்டுவது என்பது பொருள். நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும் பொருளையும் எக்ஸிபிட் என்பது இதனால்தான். பிரிட்டிஷ் வழக்கில் எக்ஸிபிட் என்பது பெரும்பாலும் ஒற்றைப் பொருள், எக்ஸிபிஷன் என்பது முழு ஏற்பாடு. அமெரிக்க வழக்கில் முழு ஏற்பாட்டையும் எக்ஸிபிட் என்றே சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து வரும் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். பொருளைச் சொல்கிறதா, அறை முழுவதையும் சொல்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும்.

தமிழில் பாதை வேறு. ஆள் ஆட்சியானது போல, மாண் மாட்சியானது போல, காண் காட்சியானது. காட்டுகிறவனின் வினை ‘காட்டு’. அதிலிருந்து நாம் சொல் எடுக்கவில்லை. காண்கிறவனின் வினையிலிருந்து எடுத்தோம். லத்தீன் சொல்லில் முன்னால் நிற்பவர் பொருளை நீட்டுகிறவர், தமிழ்ச் சொல்லில் முன்னால் நிற்பவர் பார்க்க வந்தவர். பழைய நூல்களில் காட்சி என்பது அறிவையும் தெளிவையும்கூடக் குறித்தது. வள்ளுவர் ‘மாசறு காட்சியவர்’ என்பது (குறள் 352) குற்றமற்ற அறிவு உடையவர்களை. ‘காட்சிக்கு எளியன்’ (குறள் 386) என்பதோ நேரில் போய்ப் பார்க்க எளியவன். காட்சியகம் நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டும் போதும்: தெளிவு தர வேண்டும், எளிதில் போய்ப் பார்க்கவும் முடிய வேண்டும்.

மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. தொல்காப்பியம் நடுகல் எடுப்பதன் ஆறு படிகளைக் ‘காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல்’ என்று வரிசைப்படுத்துகிறது. அங்கே காட்சி என்பது வீரனுக்கு ஏற்ற கல்லைத் தேடிக் கண்டடைவது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை என்ற பெயர்களும் இந்த வரிசையில் வருபவை. பெங்களூருக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஆதகூர்க் கல் இருக்கிறது, காலம் கி.பி. 949-950 வாக்கில். ராஷ்டிரகூடரோடு நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்டதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அது. அதே கல்லில், காட்டுப்பன்றியோடு மோதி இறந்த ‘காளி’ என்ற வேட்டை நாயின் நினைவும் பன்றியோடு அது மோதும் சிற்பமும் உண்டு. தமிழ் வாசகருக்குத் தன் வரலாற்றின் ஒரு தோல்வி, வென்றவர் தரப்புக் கல்லில், ஒரு நாயின் கதைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. இப்படி ஒரு பொருளைக் குறிக்கக் காட்சிப்பொருள் என்ற சொல் போதும். ‘எக்ஸிபிட்’ என்று தமிழ் எழுத்தில் போடத் தேவையே இல்லை.

அருங்காட்சியகம் என்ற சொல்லில் ஒரு சின்ன இடைஞ்சல் இருக்கிறது. மியூசியம் என்பது கிரேக்கத்தின் ‘மூசெயோன்’, ஒன்பது கலைத்தெய்வங்களின் இருப்பிடம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் அந்தப் பெயரோடு இருந்தது அறிஞர்கள் கூடும் இடம்; இன்று நாம் நினைக்கும் பொருளில் பண்டங்களைக் காட்சிக்கு வைத்த கூடம் அல்ல. தமிழுக்கு வரும்போது ‘அரும்’ என்ற அடை ஒட்டிக்கொண்டது. அரிய பொருள் இருக்கும் இடம் என்றால், ஆட்டுக்கல்லையும் ரேஷன் அட்டையையும் தகர டிரங்குப் பெட்டியையும் வைப்பதற்கு அங்கே இடம் உண்டா? இலங்கைத் தமிழில் நூதனசாலை என்றார்கள். பழம்பொருள் வைக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயர். மலையாளத்தில் காழ்ச்சபங்களா. கன்னடத்தில் வஸ்து சங்கிரஹாலய, அதாவது பொருள் சேர்த்து வைக்கும் வீடு. எல்லாவற்றையும் மிஞ்சியது சென்னைக்காரர்களின் ‘செத்த காலேஜ்’. எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், விலங்குக் காட்சிசாலை உயிர் காலேஜ். 1851இல் அந்தச் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர்தான் 1865இல் பெங்களூர் அருங்காட்சியகத்துக்கும் வித்திட்டார். ஆனால் செத்த காலேஜுக்கு இணையாக இங்கே ஒரு செல்லப்பெயர் நிலைக்கவில்லை.

அன்றாடப் பொருள்களை வைக்கும் இடத்துக்குக் காட்சியகம் போதும், ‘அரும்’ வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. கம்யூனிட்டி மியூசியம் என்பதை எப்படிச் சொல்வது என்பது அதைவிடச் சிக்கலானது. ‘சமூகக் காட்சியகம்’ என்றால் எந்தச் சாதிச் சங்கத்தினுடையது என்று கேட்பார்கள். ‘சமுதாய’ என்று போட்டால் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் சமுதாயக் கூடம் நினைவுக்கு வரும். ‘ஊர்க் காட்சியகம்’ தமிழ்நாட்டில் அழகாகப் பொருந்தும். பெங்களூர்த் தமிழருக்கோ ஊர் என்றால் லீவுக்குப் போகும் ஊர், ‘எந்த ஊர்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. ஆகவே இடத்தின் பெயரை முன்னால் போட்டுப் பின்னால் ‘மக்கள் காட்சியகம்’ என்று சேர்ப்பதே குழப்பம் இல்லாத வழி.

கண்காட்சிக்குப் பக்கத்தில் பொருட்காட்சி நிற்கிறது. ராட்டினமும் டெல்லி அப்பளமும் இல்லாமல் பொருட்காட்சி என்று நாம் நினைப்பதில்லை. மைசூர் தசராவின் ‘வஸ்து பிரதர்ஷன’ இதற்குச் சொல்லுக்குச் சொல் இணை. வெறும் ‘காட்சி’யிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘மாலைக் காட்சி 6 மணி’ என்று எழுதினால் சினிமா. நேரத்தைக் குறிக்கும் சொல்லைக் காட்சிக்கு முன்னால் வைக்காமல், ‘பார்வை நேரம் மாலை 4 முதல் 7 வரை’ என்று பிரித்துவிட வேண்டும்.

இனி சீசன். இதன் வேர் லத்தீனின் ‘சாதியோ’, விதைப்பு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், குற்றால சீசனாகவும் மாம்பழ சீசனாகவும் நம்மிடம் வந்தது. ஔவையாரின் ‘பருவத்தே பயிர் செய்’ அந்த லத்தீன் வேரையே தமிழில் சொன்னது போல இருக்கிறது. ஆகவே சீசனல் எக்ஸிபிட்டுக்குப் பருவக் காட்சி. ‘பருவகாலக் காட்சி’ தப்பில்லை, நீளம்தான் கூடுதல். மாதப் பெயர் தெரிந்தால் அதுவும் வேண்டாம். மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி காட்டிய வழியில் ஆடிக் காட்சி, மார்கழிக் காட்சி என்று சொல்லிவிடலாம். லால்பாக் கண்ணாடி மாளிகையில் ஜனவரி 26ஐயும் ஆகஸ்ட் 15ஐயும் ஒட்டி நடப்பதை மலர்க் கண்காட்சி என்றே விட்டுவிடலாம். அங்கே கூட்டமும் நாற்று விற்பனையும் உண்டு, சொல்லும் பொருந்துகிறது.

தமிழ் வீட்டுக்குப் பருவக் காட்சி புதிதும் இல்லை. கொலு வேறென்ன? குறித்த நாளில் படி கட்டி, குறித்த நாளில் இறக்கி, வந்தவருக்குச் சுண்டல் கொடுத்து அனுப்புவது. கொலு என்றால் அரசவை. கொலுவிருத்தல் அதில் வீற்றிருத்தல். கன்னட வீட்டில் இதுவே கொம்பெ ஹப்ப, பொம்மைத் திருநாள். மேல்படியில் ‘பட்டத கொம்பெ’ என்ற மரத்தம்பதி இருக்கும். நம் மரப்பாச்சியின் சம்பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் என்ற சொல் திருநாளுக்காக மட்டும் வந்ததல்ல, பொருளுக்கும் ஒரு பருவம் உண்டு. பட்டு, சாயத்துணி, காகிதம், புகைப்படம் ஆகியவற்றின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) மேல் போகக் கூடாது. அப்படி வைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைக்காமல் இருட்டுக்குத் திருப்ப வேண்டும். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்புவதில்லை. ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் என்று நினைப்பது தவறு, ஓய்வு அடுத்த சேதத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரே அலமாரியில் தைக்கும் ஆடிக்கும் நவராத்திரிக்கும் வெவ்வேறு சேலையை மாற்றுவது வருகிறவருக்குப் புதுமை, சேலைக்கு ஆயுள். சேலையை ஆணியில் தொங்கவிட்டால் அதன் எடையே தொங்கும் மடிப்பில் இழையைக் கிழிக்கும். மல் துணி சுற்றிய அட்டைக் குழாயில் சுருட்டி வைப்பதே நல்லது. மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்ற வேண்டும். ஜரிகை உடைவது பெரும்பாலும் பழைய மடிப்பில்தான்.

கியூரேட்டர் என்பதற்குத் தமிழ்நாட்டு அருங்காட்சியகத் துறை வைத்திருக்கும் காப்பாட்சியர் நல்ல சொல். லத்தீனின் ‘கூரா’ என்றால் அக்கறை, கவனிப்பு. தமிழில் காப்பு முன்னால் வருகிறது, ஆட்சி பின்னால். அந்த வரிசையிலேயே வேலையும் நடக்க வேண்டும். கொலு இறக்கும்போது மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் ஈரத்துணியால் துடைத்தால் வண்ணம் துணியோடு வந்துவிடும், மென்தூரிகை போதும். செய்தித்தாளில் சுற்றினால் அதன் அமிலமும் மையும் ஏறும், வெளுத்த பழைய வேட்டித் துண்டு நல்லது. நாப்தலின் உருண்டையைத் தெர்மாகோல் படிக்குப் பக்கத்தில் போட்டால் தெர்மாகோல் குழிந்து உருகும், பிளாஸ்டிக் பொம்மை பிசுபிசுக்கும். பூச்சி விழுந்த துணிக்கோ மரத்துக்கோ உருண்டை மருந்தும் அல்ல. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவிட வேண்டும். வீட்டு டீப் ஃப்ரீஸர் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பின் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் பொருளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். வண்ணம் பூசிய பொம்மைக்கும் மண் பொம்மைக்கும் இந்த முறை வேண்டாம்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது வீட்டுப் பழக்கம். காட்சியகத்துக்கு வந்த பிறகு அதை நிறுத்த வேண்டும். புளியின் அமிலம் அழுக்கோடு உலோகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். விளக்கில் பொறித்த பெயர் மங்குவது அதனால்தான். சரியாகக் கழுவாத மூலையில் பச்சை பூக்கும்.

பொருளின் பெயர்ச்சீட்டில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். வெளிப்பலகைக்குச் சட்டமே இருக்கிறது; கர்நாடகத்தின் 2024 திருத்தச் சட்டத்தின்படி பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடமாக, மேற்பகுதியில் இருக்க வேண்டும், அறக்கட்டளைகளுக்கும் இது பொருந்தும். உள்ளே சீட்டில் வேறு தொல்லை. கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் (ஒரு மெய்யோடு சேரும் அடுத்த மெய்யின் வடிவம்) வரிக்குக் கீழே இறங்கும், ஆகவே வரிகளுக்கு நடுவே இடம் கூடுதலாக விட வேண்டும். தமிழில் சொல் நீளம். ஒடுக்கமான பத்தியில் ‘காட்சிப்பொருள்களுக்கிடையே’ போன்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். மூன்று மொழிக்கும் ஒரே அகலம், ஒரே வரியிடைவெளி என்று போட்ட சீட்டில் ஏதாவது ஒன்று நசுங்கித்தான் இருக்கும். தமிழுக்கு அகலமும் கன்னடத்துக்கு உயரமும் கொடுத்து, எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல், மொழிக்கு 40, 50 சொல்லுக்குள் நிறுத்தினால் நின்று படிப்பார்கள்.

சுவரொட்டியில் மிக அதிகமாகத் தவறுவது மாதம். கன்னட மாதம் சந்திரனைப் பார்த்து அமாவாசையில் முடிகிறது, தமிழ் மாதம் சூரியனைப் பார்க்கிறது. பெங்களூரின் பசவனகுடிக் கடலைக்காய்ப் பரிஷெ, அதாவது நிலக்கடலைத் திருவிழாச் சந்தை, கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையில் நடக்கும். அதை ஒட்டி நிலக்கடலையும் மரக்கால் படியும் வைத்து ஒரு காட்சி போடுகிறவர் ‘கார்த்திகைக் கடைசித் திங்கள்’ என்று தமிழில் எழுதிவிட்டால் தேதி மாறிவிடும். 2024இல் கன்னடக் கார்த்திகத்தின் கடைசித் திங்கள் நவம்பர் 25. தமிழ்க் கார்த்திகையின் கடைசித் திங்கள் டிசம்பர் 9. தமிழ் நாள்காட்டியை நம்பி வருகிறவர் இரண்டு வாரம் கழித்து வந்து, கடலைத் தொலி கூட்டிப்போன தெருவைத்தான் பார்ப்பார். மாதப் பெயரை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்; அதன் கீழே ஆங்கிலத் தேதியை எண்ணில் போட்டுவிட வேண்டும்.