இருட்டில் கிளிக் எழுப்பும் உழவாரன்கள்

உழவாரன் (swift) என்ற பறவையும் தகைவிலானும் (swallow) ஒரே குடும்பமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. தகைவிலான் காகமும் சிட்டுக்குருவியும் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. உழவாரனுக்கு நெருங்கிய சொந்தம் ரீங்காரச் சிட்டு (hummingbird). ஆனால் 1758-ல் உயிரின வகைப்பாட்டின் முன்னோடி லின்னேயஸே உழவாரனையும் தகைவிலானையும் ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) தான் போட்டார். பறந்தபடி பூச்சி பிடிக்கும் பிழைப்பு இரண்டுக்கும் பொது என்பதால் நீண்ட இறக்கையும் அகன்ற வாயும் தனித்தனியே வந்து சேர்ந்தன. எலும்பைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். உழவாரனுக்கு மேற்கை எலும்பு கட்டை, கைப்பகுதி நீளம். ரீங்காரச் சிட்டுக்கும் அப்படியே.

உழவாரன் குடும்பத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை கரியும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வகைப்படுத்துவோர் வேறு அடையாளம் தேடினார்கள். ஆப்பஸ் பேரினத்தில் நான்கு விரல்களும் முன்பக்கம் திரும்பும். ஊசிவால் உழவாரன்களின் வாலிறகு நுனியில் முள் நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கண்டங்களின் ஒரு துணைக்குடும்பம் மற்ற உழவாரன்களைப் போலக் கூடு கட்ட எச்சிலைப் பயன்படுத்துவதில்லை.

வகைப்படுத்துவதில் உண்மையான சிக்கல் குகை உழவாரன்களிடம்தான். இவற்றில் பல கும்மிருட்டுக் குகையில், கிளிக் கிளிக் என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டே கூட்டுக்குப் போகின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எனவே 3.4 மீட்டர் தொலைவிலுள்ள சுவரிலிருந்து எதிரொலி 20 மில்லிநொடியில் வந்துவிடும். சுவர் நெருங்க நெருங்கப் பறவை கிளிக்குகளை அடுக்கடுக்காக விடும். வௌவாலின் ஒலியைப் போலன்றி இது நம் காதுக்கே கேட்கும். குறையும் அதில்தான் இருக்கிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 செ.மீ. அதைவிட மிகச் சிறிய, கொசு அளவுள்ள பொருளிலிருந்து அதற்கு உருப்படியான எதிரொலி வராது. அதனால்தான் இந்தப் பறவைகள் கிளிக்கை வழியறியப் பயன்படுத்துகின்றன. பூச்சியைப் பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பிடிக்கின்றன.

1970-களின் தொடக்கத்தில் பறவையியலாளர் ரிச்சர்ட் புரூக் இந்தத் திறமையையே அளவுகோலாக்கினார். குகை உழவாரன்கள் இருந்த கொலோகேலியா என்ற ஒரே பேரினம் உடைந்தது. கிளிக் எழுப்புபவை ஏரோட்ராமஸ் ஆயின. கிளிக் இல்லாத, பளபளப்பான சிறியவை கொலோகேலியாவிலேயே தங்கின. அழகான பிரிவு. ஆனால் பிலிப்பீன்சின் குட்டி உழவாரன், கொலோகேலியாவாக இருந்துகொண்டே இருட்டில் கிளிக் எழுப்புவது பிறகு பதிவாயிற்று. அப்படியானால் இந்தத் திறமை பழைய மூதாதைக்கே இருந்து, சில கிளைகளில் அழிந்திருக்க வேண்டும். அல்லது இருமுறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். ஒற்றைப் பண்பை நம்பி வகைப்படுத்துவதன் ஆபத்து இதுதான்.

டி.என்.ஏ. ஆய்வு வந்தபின்தான் கிளைகள் தெளிவாகத் தொடங்கின. அதற்கான திசு பல நேரம் அருங்காட்சியகத்தின் பழைய தோல் மாதிரிகளிலிருந்தே கிடைக்கிறது. அவற்றைப் பராமரிக்கும் நிதியை வெட்டுவது அறியாமை என்றே சொல்வேன்.

ஏரோட்ராமஸ் இனங்களைக் கையில் பிடித்துப் பார்த்தாலும் பிரித்தறிவது கடினம். கூட்டைப் பார்ப்பது எளிது. சுவரில் பிறைபோல ஒட்டியிருப்பது முழுக்க உறைந்த எச்சிலா, இறகு கலந்து கறுத்திருக்கிறதா, பாசியும் புல்லும் பின்னியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.