முந்தி வந்த ஒலிக்கே மரியாதை

வீட்டில் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஒலி அமைப்பு) அமைக்கப் போகும் ஒரு வாசகர், பக்கத்திலும் பின்னாலும் இருந்து ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர் எத்தனை வாட்டில் வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டிய பிறகு வருத்தப்பட்டவர்களிடம் நான் கேட்ட புகார் வேறு: சோபா ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கிறது, படத்தின் மற்ற ஒலியெல்லாம் காணாமல் போகிறது. இதற்கான காரணம் பாதி ஸ்பீக்கரில், பாதி நம் காதில்.

இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரம் வேறுபடும், அதை வைத்துத் திசையை அறிகிறோம் என்பது பள்ளியில் படித்ததுதான். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, தலை சிறியது, அதனால் இந்த வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். அதிலும் 10 மைக்ரோ விநாடி மாறினால்கூட மூளை கண்டுபிடிக்கிறது. அந்த நேரத்தில் ஒலி நகர்வது மூன்றரை மில்லிமீட்டர்!

சரி, இப்போது ஒன்று செய்து பாருங்கள். முன்பக்க ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே குரலை மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலியாக) ஓடவிட்டு, சரியாக நடுவில் உட்காருங்கள். ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்தில் இருந்து குரல் வரும். அப்படியே அரை மீட்டர் இடதுபக்கம் நகருங்கள், குரல் இடது ஸ்பீக்கருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். வலது ஸ்பீக்கர் நின்றுவிடவில்லை, அதன் ஒலி சுமார் 1.5 மில்லி விநாடி பிந்தி வருகிறது, அவ்வளவுதான். முந்தி வந்ததை வைத்துத் திசையை முடிவு செய்துவிட்டு, பின்னால் வருவதை அதோடு சேர்த்துவிடுகிறது மூளை. 1949-ல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் இதை அளந்தார்: 10 முதல் 20 மில்லி விநாடி பிந்தி வரும் ஒலி, முதல் ஒலியைவிட 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் கூடுதலாக இருந்தால்தான் அதற்குச் சமமான சத்தமாகத் தோன்றுகிறது. சுவர், தரை, கூரை என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் ஒலிகளுக்கு நடுவே, பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று நாம் தடுமாறாமல் கண்டுகொள்வது இதனால்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். முன் ஸ்பீக்கர் 3.5 மீட்டரில், சரவுண்ட் 1.5 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். முன்னிருந்து பின்னால் பறக்கும் ஹெலிகாப்டரின் ஒலி நடுவழியில் இரண்டிலும் பங்கு போட்டு வரும், ஆனால் சரவுண்டில் இருந்து 6 மில்லி விநாடி முந்தி வந்துவிடும். ஹெலிகாப்டர் நகராமல் பின்னால் தாவும். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் ஸ்பீக்கர் தூரத்தைக் கேட்பது இதைச் சரிசெய்யத்தான், கிட்டே இருப்பதை அது அந்த 6 மில்லி விநாடி தாமதப்படுத்துகிறது. டேப் வைத்து அளந்து போடுங்கள்.

ஆனால் இந்தத் தாமதம் ஒரே ஒரு இருக்கைக்குத்தான் சரியாக இருக்கும். சோபா ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு சரவுண்ட் அரை மீட்டரில், மற்றது இரண்டரை மீட்டரில் என்றால் சத்தத்தில் 14 டெசிபல் வித்தியாசம். இரண்டையும் காது மட்டத்தில் இருந்து 80 செ.மீ. உயர்த்தி மாட்டினால் அது 9 ஆகக் குறையும். செலவே இல்லாத வேலை. அப்படியும் சோபா சுவரை ஒட்டித்தான் இருக்கும் என்றால், இரு பக்கமும் ஒலி வீசும் பைபோல் வகையைப் பாருங்கள். டைபோல் வேறு: அதன் இரண்டு பக்கமும் எதிரெதிர் கட்டத்தில் (ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும்படி) அதிர்வதால் நம்மை நோக்கி வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சுவரில் பட்டு வருவதே கேட்கும். சரவுண்டுக்கு ஒரே தடம் இருந்த காலத்தில் அருமையான யோசனை, 2012-ல் வந்த டால்பி அட்மாஸ் போல ஒவ்வொரு ஒலிக்கும் இடம் குறித்து அனுப்பும் முறைக்கு நான் அதை வாங்க மாட்டேன். கொஞ்சம் தள்ளி உட்கார இடமிருந்தால் சாதாரண நேரடி ஸ்பீக்கரே போதும், நேர் முன்னால் 0 டிகிரி என்றால் 100 முதல் 120 டிகிரிக்குள் வையுங்கள்.

வாட்? இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை, அதற்கென்றே இருக்கும் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும், அதனால் சரவுண்ட் சிறியதாகவே இருக்கலாம். முன் ஸ்பீக்கரின் அதே மாடல் வரிசையில் வாங்குங்கள், ஹெலிகாப்டரின் குரல் வழியில் மாறாது. அப்புறம், திசை அம்பு போட்ட விலை உயர்ந்த வயரை வாங்காதீர்கள். அதில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம், விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் போய் வருகிறது, அம்புக்கு அங்கே வேலையே இல்லை. இந்த மூடநம்பிக்கையை அறிவியல் என்று சொல்லி விற்பது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது. நீளத்துக்கேற்ற தடிமனில் சாதாரண செம்பு வயர் போதும்.